பல் ஆறாது

"மூணு மணி நேரத்துக்குச் சூடா எதுவும் குடிச்சிடாதீங்க சார். சுட்டாக்கூடத் தெரியாது" என்று மருத்துவர் சொன்னபோது, என் வலப்பக்கக் கீழுதடும் பாதி நாக்கும் வேறு யாருடையவையோபோல் கனத்துக் கிடந்தன. வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போலக் காபியைக் கொண்டுவந்து வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன, ஆறட்டும்" என்று டபராவுக்கும் டம்ளருக்குமாக ஆற்றத் தொடங்கினார். நுரை பொங்கி அடங்கியது. மறுபடி பொங்கி அடங்கியது. நான் இப்போதைக்குக் குடிக்க முடியாத காபியை அவர் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

ஆறட்டும். அன்று முழுக்க அந்தச் சொல் என்னை விடவில்லை. காபி ஆறுகிறது. புண் ஆறுகிறது. மனசு ஆறுகிறது. சாப்பிட்டால் பசியாறுகிறோம், திண்ணையில் சாய்ந்தால் இளைப்பாறுகிறோம். சூடு, காயம், துக்கம், பசி, களைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். உடம்பில் எது கெட்டாலும் கொஞ்ச நாள் விட்டுவைத்தால் தணிந்துவிடும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அது உண்மையும்கூட. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். பல் மட்டும் இந்தக் கணக்கில் வராது.

பல்லின் மேலுறையான எனாமலில் உயிரணு கிடையாது. எடையில் 96 விழுக்காடு தாதுப்பொருள். நம் உடம்பிலேயே கெட்டியானது அதுதான். அதைக் கட்டி எழுப்பிய செல்கள், பல் ஈறைத் திறந்துகொண்டு வெளியே வரும்போதே அழிந்துபோகின்றன. கொத்தனார் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்ட வீடு அது. பிறகு எங்கே விரிசல் விட்டாலும் கூப்பிட ஆள் இல்லை. சிதைவு தொடங்கும் நிலையில் உமிழ்நீரும் ஃபுளோரைடும் சேர்ந்து இழந்த தாதுவில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். குழி விழுந்துவிட்டால் அதற்கும் வழியில்லை.

எனக்குப் போனது கீழ்வரிசையில் வலப்பக்கம் முதல் கடைவாய்ப்பல். பால்பற்கள் விழத் தொடங்கும் ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே அவற்றுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் பல் அது. பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாழ்நாளெல்லாம் அதிகம் உழைக்கும் பல், கவனம் குறைவாகப் பெற்றுத்தான் தொடங்குகிறது. என்னுடையது அரை நூற்றாண்டு உழைத்தது. ஐப்பசியில் ஒருநாள் இரவு அது தூங்கவிடாமல் தெறித்தது. பல்லின் நடுவிலிருக்கும் கூழ், நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த அறைக்குள் இருக்கிறது. கையில் அடிபட்டால் வீங்க இடமுண்டு. பல்லுக்குள் வீங்க இடமில்லை. அழுத்தம் முழுக்க நரம்பின்மேல் இறங்குகிறது. ரூட் கேனால் செய்து நரம்பை எடுத்தார்கள். வலி நின்றது. ஆனால் அரித்ததும் துளைத்ததுமாகக் கடைவாய்ப்பல் ஓட்டை விழுந்த சுவர்போல் ஆகிவிடுகிறது. ஒரு பாக்குக்கொட்டையோ எலும்போ குறுக்கே பிளந்துவிடலாம். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதுதான் முடிவு. அதனால்தான் பல்லை முழுக்க மூடும் கேப்.

மார்கழி நடுவில் பல்லைச் சுற்றிலும் மேலேயும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி, அளவு எடுத்து, தற்காலிகக் கேப் ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். நரம்பில்லாத பல்லுக்கு எதற்கு ஊசி என்று கேட்டேன். ஈறுக்கு என்றார் மருத்துவர். ஊசியில் இருந்தது லிக்னோகெயின், 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மரப்பு மருந்து. பல் மருத்துவத்தின் முகத்தையே மாற்றியது என்று தாராளமாகச் சொல்லலாம். ஊசியின் வேகம் தணிய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை மென்று தின்னக்கூடாது. கன்னத்தையோ நாக்கையோ கடித்துக்கொண்டாலும் தெரியாது. குழந்தைகள் மரத்த உதட்டை வேடிக்கையாகச் சப்பிக் கடித்து மறுநாள் வீங்கிய உதட்டோடு வருவார்களாம். உறுத்தல் என்ற ஒன்று இல்லாவிட்டால் நம் பல்லே நம் சதையை எவ்வளவு எளிதாகக் கடித்துவிடும் என்று அப்போது தோன்றியது.

தற்காலிகக் கேப்பை ஒட்டும்போது ஒரு வாசனை வந்தது. பல் மருத்துவமனைக்கே உரிய வாசனை என்று சின்ன வயதிலிருந்து நான் பயந்த அதே வாசனை. கூர்ந்து முகர்ந்தபோது அது கிராம்பு. துத்தநாக ஆக்சைடு பொடியோடு யூஜினால் சேர்த்துக் குழைப்பார்கள். யூஜினால் என்பது கிராம்பு எண்ணெயின் உயிர்ச்சரக்கு. பாட்டி பஞ்சில் தொட்டுச் சொத்தைக்குள் வைத்த அதே பொருள், ஒரு வாரத்துக்கு என் பல்லையும் அதன் மூடியையும் பிடித்துக்கொண்டிருந்தது. வேண்டும்போது கழற்ற வேண்டியதால் இந்தச் சிமெண்ட் லேசாகத்தான் பிடிக்கும். அந்த ஒரு வாரம் கம்மர்கட்டு, எள்ளுருண்டை, பாகு மிட்டாய் எதுவும் ஆகாது. நூல் போட்டுப் பல் இடுக்கைச் சுத்தம் செய்தால் நூலை மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவ வேண்டும். மேலே இழுத்தால் கேப்பும் கூடவே வரும்.

கேப் சிர்கோனியா. அரிசிப் பலகாரத்தைப் போல வெளுப்பு, ஆனால் முழு வெள்ளை இல்லை. பக்கத்துப் பல்லின் மஞ்சளைப் பார்த்து நிறம் கொடுத்திருந்தார்கள். 1789இல் பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் என்ற வேதியியலாளர், இலங்கையிலிருந்து போன சிர்கான் கல்லை ஆராய்ந்தபோதுதான் சிர்கோனியம் என்ற தனிமமே உலகுக்குத் தெரியவந்தது. மாத்தறைப் பக்கத்துச் சிர்கானை வைரத்துக்குப் பதிலாக நகையில் வைத்த காலமும் உண்டு. நம் பக்கத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட்டோடு சிர்கானும் கலந்து கிடக்கிறது. அந்தக் கரையில் ஒருமுறை கருமணலை அள்ளிப் பார்த்திருக்கிறேன். விரலிடுக்கில் கறுப்பும் சிவப்பும் மினுக்குமாக வழிந்தது. ஆய்வகத்தில் சிர்கோனியாக் கட்டியை முதலில் வேண்டிய அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாகவே பெரிதாகக் கடைவார்கள். பிறகு 1500 டிகிரி வெப்பத்தில் சுட்டால் அது சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து நிற்கும். நெருப்பில் எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செய்கிற வேலை.

தை பிறக்க நான்கு நாள் இருக்கும்போது கேப்பை நிரந்தரமாகப் பொருத்தினார்கள். பல்லைக் காயவைத்து, சுற்றிப் பஞ்சு வைத்து, கேப்பின் உட்புறம் சிமெண்டைத் தடவி அழுத்தியபோது எனக்கு அஷ்டபந்தனம் ஞாபகம் வந்தது.

எங்கள் தெருக் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன் அதை இடித்ததைப் பார்த்திருக்கிறேன். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டும் சேர்த்து இரும்பு உலக்கையால் மாற்றி மாற்றி இடிப்பார்கள். இறுகப் பார்க்கும், இடித்தால் இளகும், மறுபடி இறுகும். பதம் வந்ததும் கயிறுபோலத் திரித்து, மூர்த்திக்கும் பீடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வைத்து விரலால் அழுத்துவார்கள். சிலையைப் பிடித்துக்கொள்ள மட்டும் அல்ல அது. தினமும் பாலும் தண்ணீரும் இளநீருமாக அபிஷேகம் நடக்கும் இடம். அந்த நீர் அடியில் கசிந்துவிடக் கூடாது. கசிந்தால் கீழே இருப்பது ஆட்டம் காணும். சின்னப் பையனாக நின்று பார்த்தபோது இதை ஒரு பெரியவர்தான் சொன்னார். "சாமி விழாது தம்பி, தண்ணிதான் உள்ள போயிடும்."

பல்லிலும் அதே கதைதான். கேப் எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் பல்லுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. சிமெண்டின் முதல் வேலை அதை அடைப்பது. எனக்குப் போட்டது கிளாஸ் அயனோமர். 1969இல் லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கிய வகை. கண்ணாடித் தூளும் ஓர் அமிலமும் சேர்ந்து சில நிமிடத்தில் இறுகிவிடும். ஆனாலும் முழு வலுப்பெற ஒரு நாளாவது வேண்டும். அந்த ஒரு நாள் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். கும்பாபிஷேகம் முடிந்ததும் 48 நாள் மண்டலாபிஷேகம் நடத்துகிற வழக்கத்தை நினைத்துக்கொண்டேன். பிரதிஷ்டை ஒரு முகூர்த்தத்தில் முடிந்துவிடுகிறது. அது நிலைப்பதற்குத் தனியாக நாள் வேண்டியிருக்கிறது.

சிமெண்ட் இறுகியதும் நீலக் காகிதம் ஒன்றை இரு வரிசைக்கும் நடுவே வைத்து, "கடிச்சுப் பாருங்க. அரைச்சுப் பாருங்க. உசரமாத் தெரியுதா?" என்றார் மருத்துவர். நீலம் அழுத்தமாகப் பதிந்த இடத்தை லேசாகத் தேய்த்தார். மறுபடி கடி, மறுபடி தேய். நரம்பை எடுத்த பல்லுக்கு உயரம் எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன். பல் தாடையெலும்போடு ஒட்டியில்லை. எலும்புக்கும் வேருக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கான நார்கள் பல்லை ஊஞ்சல்போலத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அழுத்தத்தை உணர்கிற நரம்பு நுனிகள் அந்த நார்களுக்கிடையே இருக்கின்றன, பல்லுக்குள் இல்லை. பல்லுக்குள் இருந்த உயிர் போனாலும் அவை போவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமனுள்ள தாளைக்கூடக் கடித்து உணர முடியும். தலைமுடியில் நாலில் ஒரு பங்கு அது. சோற்றில் ஒரு மணல் கிடந்தால் உடனே தெரிவது இதனால்தான்.

ஆக, கேப் போட்டபின் பல் ஆறுவதில்லை. பல்லைச் சுற்றியிருப்பவை ஆறுகின்றன. அளவெடுக்கும்போது நூல் வைத்து ஒதுக்கப்பட்ட ஈறு ஆறுகிறது. ஊசி குத்திய இடம் ஆறுகிறது. முக்கால் மணி நேரம் அகலத் திறந்திருந்த தாடையின் தசை ஆறுகிறது. புதுக் கடிக்குப் பழகாத நார்கள் மெல்ல மெல்ல ஆறுகின்றன. முதல் இரண்டு நாள் ஈறு சிவந்து, தொட்டால் நோகும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைப் போட்டு நாளைக்கு மூன்று முறை கொப்பளித்தேன். பிரஷ்ஷை அந்தப் பக்கம் கொண்டுபோகப் பயமாக இருந்தது. ஆனால் நோகிற ஈறை விட்டுவைத்தால் அழுக்குப் படிந்து இன்னும் நோகும். மென்மையான பிரஷ்ஷால், ஈறோரத்தில் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்னதாக அசைத்தேன். நாக்குதான் சும்மா இருக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை அங்கே போய்த் தடவிவிட்டு வந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரைத் தெருவே எட்டிப் பார்ப்பதுபோல. மூன்றாம் நாள் இரவு தோசையைக் கடித்தபோது அந்தப் பல்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் போய் முட்டியது. உடம்பெல்லாம் அதிர்ந்தது. பொறுத்தால் பழகிவிடும் என்று நினைத்தேன்.

அது பிழை. மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்: "வலிச்சாக்கூட ரெண்டு நாள் பார்க்கலாம். உசரமாத் தெரிஞ்சா மட்டும் காத்திருக்காதீங்க, வந்துடுங்க." உயரமான கேப் ஒவ்வொரு வாய்க்கும் அந்த நார்களைச் சம்மட்டியால் அடிக்கிறது. அடிபடுகிற இடம் ஆறவே ஆறாது. நாளாக ஆகப் பல் ஆட்டம் காணவும் கேப் உடையவும் கூடும். மறுநாள் காலை போனேன். நீலக் காகிதம், இரண்டு தேய்ப்பு, ஐந்து நிமிடம். வெளியே வந்தபோது வாய் ஒன்றாகிவிட்டிருந்தது. வாரக்கணக்கில் நான் தாங்கியிருக்கக்கூடிய ஒரு நோவு, ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

இவ்வளவு கவனமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அம்மாவின் பல்.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு இரண்டு கேப் போட்டோம். வெள்ளிபோல் மின்னும் உலோகக் கேப். மெழுகில் பல்லைச் செதுக்கி, அச்சில் வைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. 1907இல் வில்லியம் டாகார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் பல் வேலைக்குக் கொண்டுவந்த முறை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சுவாமிமலையில், ஸ்தபதிகள் காவிரி வண்டலை மெழுகுச் சிலைமேல் பூசி நூற்றாண்டுகளாகச் செய்துவருவதும் அதையேதான். கேப் போட்ட இடத்தில், "இனிமே இந்தப் பல்லப் பத்திக் கவலையே வேணாம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தின்மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

அம்மா கவலைப்படவில்லை. பதினாறு வருஷம். ஒருநாள் மத்தியானம் கீரைச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, வாயிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கேப். அது மட்டும் இல்லை. அதற்குள் பல்லும் இருந்தது. கேப்புக்கு ஒரு கீறலும் விழவில்லை, அன்று வந்ததுபோல மின்னியது. உள்ளே இருந்தது கறுத்து, நனைந்த வெல்லத்தைப்போல இளகியிருந்தது. நகத்தால் தொட்டால் உதிர்ந்தது.

"வலிக்கவே இல்லையாம்மா?" என்றேன்.

"வலிச்சிருந்தாச் சொல்லியிருக்க மாட்டேனாடா?"

உண்மை. அது ரூட் கேனால் செய்த பல். உலோகமோ சிர்கோனியாவோ சொத்தையாவதில்லை. ஆனால் கேப் முடியும் இடத்தில், ஈறோரத்தில், அம்மாவின் பல் தொடங்குகிறது. அந்த விளிம்பில் படியும் மாவையும் சர்க்கரையையும் கிருமிகள் தின்று அமிலமாக்குகின்றன. வேரின்மேல் எனாமலும் கிடையாது. வயதாக ஆக ஈறு இறங்கி அந்த இடத்தை இன்னும் திறந்துவிடுகிறது. நரம்புள்ள பல்லாக இருந்தால் குளிர்ந்த தண்ணீர் பட்டதுமே கூசும். என்றைக்கோ ஒருநாள் அம்மா முகத்தைச் சுளித்திருப்பார், நாங்கள் கேட்டிருப்போம். நரம்பை எடுத்தபோது வலியை மட்டும் எடுத்ததாக நினைத்தோம். அந்தப் பல்லுக்கு இருந்த ஒரே காவல்காரனையும் சேர்த்து அனுப்பியிருந்தோம்.

கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று ஒரு கணக்காவது இருக்கிறது. சாமி அசைந்தால்தான் செய்வோம் என்று யாரும் காத்திருப்பதில்லை. நாள் வந்தால் பாலாலயம் செய்து, பழைய மருந்தைச் சுரண்டி எடுத்து, புது அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள். கேப்பும் பத்து, பதினைந்து ஆண்டுகள் நன்றாக இருக்கும், பலருக்கு அதற்கும் மேல். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த விளிம்பை யாராவது பார்க்க வேண்டும். அவ்வப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கேப் கழன்று வந்தால் பசை வாங்கி நாமே ஒட்டிக்கொள்ளக் கூடாது. கழுவிச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவர் என்றால் இரவில் போட ஒரு கவசம் செய்துகொள்ள வேண்டும். தினப்படி வேலை என்று பார்த்தால், இரண்டு வேளைத் துலக்கலும் ராத்திரி பல் இடுக்குச் சுத்தமும்தான். இரண்டு நிமிட வேலையை நான் அலட்சியம் செய்த நாட்கள் எத்தனையோ. இப்போது செய்வதில்லை. அம்மாவின் அந்தப் பல்லைக் கையில் வாங்கிப் பார்த்தவன் நான். அந்தக் கறுப்பு என் விரலில் ஒட்டியது.

பொங்கலன்று கரும்பை வாயால் உரிக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. தோலைப் பல்லால் கிழித்து, முறித்து, சக்கையாகும்வரை மென்று துப்பாமல் என்ன பொங்கல்? அம்மா ஒன்றும் சொல்லாமல் அரிவாள்மணையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணு நீக்கி, தோல் சீவி, நுனிவிரல் அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். இடப்பக்கமாகவே மென்றேன். நுனிக்கரும்பாகப் பார்த்து மிருதுவான துண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டார். அவருக்கும் இப்போது ஒரு பக்கம்தான்.

ராத்திரி எனக்கு வாங்கிய இடுக்குப் பிரஷ்களில் ஒன்றை எடுத்து அவரிடம் காட்டினேன். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குன்றிமணி அளவுக்குச் சுருக்கியதுபோல் இருக்கும். "இதையெல்லாம் எங்கடா பிடிக்கறது" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நடுங்கும் அவருக்கு. நாற்காலியை விளக்குக்கு அடியில் இழுத்துப்போட்டு, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, செல்போன் டார்ச்சைப் போட்டேன். மேல்வரிசை இடப்பக்கம், இன்னொரு கேப், இருபத்துநான்கு வருஷத்துக்குப் பிறகும் பளிச்சென்று இருந்தது. ஈறு இறங்கி, உலோகத்துக்கு மேலே வேர் மஞ்சளாக நெல்மணி அளவு தெரிந்தது. அங்கே ஒரு கரும்பு நார் மாட்டியிருந்தது.

"வலிக்குதாம்மா?"

வாயைத் திறந்தபடியே இல்லை என்று தலையசைத்தார். பிரஷ்ஷை மெல்ல உள்ளே விட்டேன்.